கடைக்காரருக்குத் தண்டம், கம்பனிக்கு?



அரிசியைக் கட்டுப்பாட்டு விலைக்கு மேலே விற்ற கடைக்காரருக்கு என்ன நடக்கும் என்று கல்முனைச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிலிருந்து ஆட்கள் வருவார்கள். பற்றுச்சீட்டு சாட்சியாகும். நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகு, தனி வியாபாரி என்றால் 1 இலட்சம் ரூபாயிலிருந்து 5 இலட்சம் வரை தண்டப்பணம். கம்பனி என்றால் 5 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் வரை. சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ சில்லறைக் கடை நடத்துகிறவருக்குச் சட்டப் புத்தகம் தெரியாவிட்டாலும் இந்த எண்கள் மனப்பாடம்.

பாமசிக்காரருக்கும் அப்படித்தான். பதிவு பெற்ற மருந்தாளர் கடையில் இல்லாவிட்டாலும், காலாவதியான மாத்திரை அலுமாரியில் கிடந்தாலும், உணவு மருந்துப் பரிசோதகர் கண்டுபிடித்தால் அடுத்த இடம் நீதிமன்றம்தான். அதில் தவறில்லை. ஆனால் ஒரு மாத்திரை கல்முனைப் பாமசிக்கு வருமுன் நீண்ட வழியைக் கடந்து வருகிறது. குஜராத்திலோ ஜெர்மனியிலோ தயாரிப்பாளர், கொழும்பில் அவருடைய முகவர், இறக்குமதியாளர், மொத்த விநியோகஸ்தர், கடைசியில் பாமசி. வழியின் கடைசியில் நிற்கிறவருக்குத் தண்டம் எவ்வளவு, யார் விதிப்பது, எப்படி விதிப்பது எல்லாம் தெளிவாக இருக்கிறது. வழியின் தொடக்கத்தில், மருந்தைச் சந்தைக்கு விட அனுமதி பெற்றவர் தன் கடமையை மீறினால் என்ன நடக்கும்? அந்தக் கேள்விதான் இன்றைய உரை.

அனுமதி பெறுவதோடு கம்பனியின் வேலை முடிவதில்லை. பாதி வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மருந்தினால் கடும் பக்கவிளைவு ஏற்பட்டதாகத் தகவல் கிடைத்தால் குறித்த காலத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்தக் காலம் 15 நாள். தயாரிப்பு முறையை மாற்றினால் சொல்ல வேண்டும். ஒரு தொகுதி பழுது என்று தெரிந்தால் திருப்பி அழைக்க வேண்டும். பெட்டிக்குள் வைக்கும் தாளில் புதிய எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்தில் கொடுத்த விவரம் உண்மையாக இருக்க வேண்டும். இவற்றில் எதை மீறினாலும் நோயாளிக்கு அது உடனே கண்ணில் படாது. கூடுதல் விலைக்கு விற்ற அரிசிக்குப் பற்றுச்சீட்டு சாட்சி சொல்லும். அனுப்பாமல் மேசையில் வைத்திருந்த பக்கவிளைவு அறிக்கைக்கு எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை. அதனால்தான் இந்த வகைக் குற்றத்துக்கு விசாரணை முறை தனியாக வேண்டியிருக்கிறது.

இலங்கைக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்ரமசிங்கவும் கொடுத்த அறிக்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேதான் அதன் முதல் தலைவர். 1974இல் நாட்டில் வாந்திபேதி பரவியது. டெட்ராசைக்ளின் அவசரமாக வேண்டும். கூட்டுத்தாபனம் மேற்கு ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பனியிடமிருந்து மூலப்பொருளை வாங்கி, இலங்கையில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபைசர் கம்பனியிடம் கப்சியூல் ஆக்கித் தரச் சொன்னது. ஃபைசர் மறுத்துவிட்டது. தயாரான மருந்தை அதிக விலை கொடுத்து விமானத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் நேரில் பேசினார். யோசனை அதோடு நின்றுபோனது. பிபிலேயும் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை மூலம் இந்தச் சம்பவம் உலகெங்கும் மருந்துக் கொள்கை படிப்பவர்களுக்குத் தெரியவந்தது.

இதைப் பெரும்பாலும் பன்னாட்டுக் கம்பனியின் திமிருக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அன்றைய அரசின் கையில் இரண்டே வழிகள் இருந்தன: கெஞ்சுவது, அல்லது தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வது. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. எலிக்காக வீட்டைக் கொளுத்த எந்த அரசும் துணியாது என்பது கம்பனிக்கும் தெரியும், தூதுவருக்கும் தெரியும்.

இப்போது நிலைமை மாறிவிட்டதா? சட்டம் மாறியிருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டத்தின் இடத்துக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அதன்படி அமைந்தது. மருந்தைப் பதிவு செய்வது, பதிவை இடைநிறுத்துவது, இரத்துச் செய்வது, சந்தையிலிருந்து திருப்பி அழைக்கச் சொல்வது, உரிமம் கொடுப்பது, பறிப்பது, வழக்குத் தொடுப்பது எல்லாம் அதன் கையில் இருக்கின்றன. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்து வர்த்தமானி வந்ததும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். ஆனால் தவறு செய்த கம்பனியிடம், விசாரணை நடத்தி, அதன் விற்பனையில் இத்தனை வீதம் என்று தண்டப்பணம் அறவிடும் அதிகாரம் சபைக்கு இல்லை. தண்டப்பணம் வேண்டுமென்றால் குற்ற வழக்காக நீதிமன்றம் போக வேண்டும்.

அதனால் என்ன, பதிவை இரத்துச் செய்தால் போதாதா என்று கேட்கலாம். 2022ஐ நினைத்தால் விடை கிடைக்கும். டொலர் இல்லாமல் மருந்து வராத மாதங்களில் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கும் போனவர்கள், துண்டை எடுத்துக்கொண்டு வெளியே பாமசி பாமசியாக அலைந்தார்கள். ஒரே ஒரு கம்பனி கொண்டுவரும் மருந்தின் பதிவை இரத்துச் செய்தால் அந்த அலைச்சல்தான் திரும்ப வரும். கம்பனிக்கு இலங்கைச் சந்தை சின்னது. அந்த மருந்தை நம்பியிருக்கும் நோயாளிக்கு வேறு வழியில்லை. தண்டனை விழும் இடம் மாறிவிடுகிறது. அதனால் சபை தயங்கும். தயக்கம் பழக்கமாகும்.

2023இல் நடந்தவை இந்த இடைவெளியைப் பட்டப்பகலில் காட்டின. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு போட்ட பிரெட்னிசலோன் சொட்டு மருந்தால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை உள்ளிட்ட இடங்களில் 30க்கு மேற்பட்டவர்களுக்குக் கண்ணில் பாதிப்பு ஏற்பட்டது. மருந்து குஜராத்தின் இண்டியானா ஒஃப்தால்மிக்ஸ் தயாரிப்பு. பாவனை நிறுத்தப்பட்டது, இந்திய அதிகாரிகளுக்குத் தகவல் போனது, நட்டஈடு பற்றிப் பேச்சு வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இம்யூனோகுளோபியூலின் என்ற பெயரில் வந்த ஊசி மருந்து விவகாரம் வெடித்தது. ஐசோலெஸ் பயோடெக் ஃபார்மா ஏஜி என்ற உள்ளூர்க் கம்பனி வழங்கிய மருந்து அது. ஆவணங்கள் போலி என்பது முறைப்பாட்டின் மையம். சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். குற்றம் நிரூபணமாவதும் ஆகாததும் நீதிமன்றத்தின் வேலை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஒரு பக்கம் பேச்சுவார்த்தை, மறுபக்கம் விளக்கமறியல். நடுப்படி இன்னும் காலியாகவே இருக்கிறது.

அந்த நடுப்படியை ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூன் 14ஆம் திகதி கட்டியது. 658/2007 என்ற இலக்கமுள்ள ஒழுங்குவிதி அது, 2012இல் திருத்தப்பட்டது. ஒன்றியம் முழுவதற்கும் ஒரே அனுமதி பெற்ற மருந்துகளுக்கு அது பொருந்தும். அதன் கட்டுமானத்தைச் சற்று விரித்துச் சொல்வது நல்லது. நுணுக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, விசாரிப்பவர் ஒருவர், தண்டம் விதிப்பவர் இன்னொருவர். ஐரோப்பிய மருந்து முகமை விசாரிக்கும்; தானாகவும் தொடங்கலாம், உறுப்பு நாடு ஒன்றோ ஆணையமோ கேட்டும் தொடங்கலாம். முடிவெடுப்பது ஐரோப்பிய ஆணையம். மருந்துக்கு அனுமதி கொடுக்கப் பரிந்துரைத்த அதே மேசையில் இருந்தே தண்டமும் எழுதப்பட்டால், ஒன்றில் தன் பழைய முடிவைக் காப்பாற்றப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கோபத்தில் எழுதுவார்கள் என்ற எச்சரிக்கை அந்தப் பிரிவினையில் இருக்கிறது.

இரண்டாவது, கம்பனிக்குச் சொல்ல வாய்ப்பு. விசாரணை தொடங்கியதும் எழுத்தில் அறிவித்தல் போக வேண்டும். விசாரணை அறிக்கை ஆணையத்துக்குப் போன பிறகு, இன்ன கடமையை இன்ன விதமாக மீறினாய் என்று குற்றச்சாட்டுப் பத்திரம். பதில் எழுத அவகாசம். கோப்பைப் பார்க்கும் உரிமை. கேட்டால் வாய்மொழி விசாரணை. சட்டத்தரணியோடு கம்பனி நடத்திய இரகசியத் தொடர்பைக் கேட்டு வாங்க முடியாது. இதெல்லாம் கம்பனிக்குக் காட்டும் சலுகை என்று தோன்றலாம். உண்மையில் இது தண்டத்துக்குப் போடும் அத்திவாரம். இயற்கை நீதி மீறப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக மேல் நீதிமன்றத்தில் உடைந்துபோன உத்தரவுகள் எத்தனை என்பதை இங்கிருக்கும் சட்டத்தரணிகள் நன்றாக அறிவார்கள்.

மூன்றாவது, காலம். விசாரணையை 18 மாதங்களுக்குள் முடிக்க முகமை முயல வேண்டும். மீறல் நடந்து 5 ஆண்டுகள் கடந்துவிட்டால் தண்டம் இல்லை.

நான்காவது, அளவு. மீறலுக்கு, முந்தைய வியாபார ஆண்டில் ஒன்றியத்துக்குள் கம்பனி செய்த மொத்த விற்பனையில் 5 வீதம் வரை. மீறல் தொடர்ந்தால், நிறுத்தும்வரை ஒவ்வொரு நாளும், சராசரி நாள் விற்பனையில் 2.5 வீதம் வரை. விசாரணைக்கு ஒத்துழைக்காமல் பொய்த் தகவல் கொடுத்தால் அதற்குத் தனியாக 0.5 வீதம் வரை. இதற்குள் எவ்வளவு என்று தீர்மானிக்க அளவுகோல்களும் உண்டு: பொதுச் சுகாதாரத்துக்கு வந்த கேடு, கம்பனியின் அளவு, மீறலால் கிடைத்த இலாபம், முன்பும் செய்ததா, தெரிந்தபின் திருத்தியதா, மறைத்ததா.

ஐந்தாவது, வெளிச்சம். தண்டம் விதித்தால் பெயரும் காரணமும் பிரசுரமாகும். ஆறாவது, மேன்முறையீடு. ஒன்றிய நீதிமன்றம் தண்டத்தை நீக்கலாம், குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். கூட்டப்படலாம் என்ற பயம் வீண் மேன்முறையீடுகளைக் குறைக்கும்.

தாளில் அழகாக இருக்கும் இந்த முறை நடைமுறையில் என்ன செய்தது? முதல் சோதனை சுவிற்சர்லாந்தின் ரோஷ் கம்பனி. 2012இல் பிரித்தானிய மருந்து அதிகாரிகள் நடத்திய வழமையான பரிசோதனையில், அமெரிக்காவில் ரோஷ் நடத்திய நோயாளர் உதவித் திட்டம் ஒன்றில் சேர்ந்த சுமார் 80,000 அறிக்கைகள், பக்கவிளைவா என்று மதிப்பிடப்படாமலே கிடந்தது தெரியவந்தது. அவற்றில் 15,161 மரண அறிக்கைகள். அந்த மரணங்கள் நோயினாலா மருந்தினாலா என்று சொல்ல முடியாத நிலை. மதிப்பிட வேண்டியவர்கள் மதிப்பிடவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த ஆண்டு ஒக்டோபரில் 2007 ஒழுங்குவிதியின் கீழ் முதலாவது நடவடிக்கை தொடங்கியது. ரோஷ் தன் முறைகளைச் சீர்செய்தது. சம்பந்தப்பட்ட மருந்துகளின் நன்மை தீமைச் சமநிலை மாறவில்லை என்று மருந்து முகமை 2013இல் அறிவித்தது. ஐந்து ஆண்டுகள் இழுபட்டு, தண்டப்பணம் எதுவும் இல்லாமல் நடவடிக்கை மூடப்பட்டது.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். பல் இல்லாத புலி என்று சொல்வோருக்கு இது ஆதாரம். ஆனால் 80,000 அறிக்கைகளும் மதிப்பிடப்பட்டன. 5 வீதம் என்ற அளவு தலைக்கு மேலே தொங்கியிருக்காவிட்டால் அவ்வளவு வேகத்தில் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம். குறையும் உண்டு: 18 மாதம் என்று எழுதிய இடத்தில் 5 ஆண்டுகள் ஓடின. முடிவெடுக்கும் கட்டத்துக்கும் இறுக்கமான கெடு வேண்டும் என்பது இலங்கைக்குப் பாடம்.

இந்த நடுப்படி இல்லாமல் குற்றவியல் நீதிமன்றத்தை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்குப் பிரான்ஸ் உதாரணம். செர்வியே கம்பனியின் மீடியேற்றர் என்ற மருந்து 1976 முதல் 2009 வரை விற்பனையானது. ஏறக்குறைய 50 இலட்சம் பேர் பாவித்தார்கள். இதய வால்வு பாதிக்கப்பட்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் என்பது நிபுணர் மதிப்பீடு. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் விதித்த தண்டம் 27 இலட்சம் யூரோ. மருந்தைத் தடுக்கத் தாமதித்த அரசாங்க முகமைக்கே 3,03,000 யூரோ. 33 ஆண்டு விற்பனையின் முன்னே 27 இலட்சம் என்ன தொகை? 2023 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டத்தை உயர்த்தி, காப்புறுதி நிதியங்களுக்கு 41.5 கோடி யூரோ திருப்பிக் கொடுக்கச் சொன்ன பிறகுதான் கம்பனிக்கு வலித்திருக்கும். மருந்து சந்தையை விட்டுப் போய் 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பார்த்தால் நெஞ்சு பதறும். 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் பாணி குடித்த 20க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் இயங்கிய ஸ்ரீசன் ஃபார்மாசூட்டிகல் தயாரித்த கோல்ட்ரிஃப் அது. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கோல் 48.6 வீதம், ஏற்கக்கூடிய உச்சவரம்பு 0.1 வீதம். உரிமையாளர் கைது, ஒக்டோபரில் உரிமம் இரத்து. இந்தியாவின் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் சிறைத்தண்டனை இருக்கிறது. தரம் குறைந்த மருந்துக் குற்றங்களில் ஒரு வகையைப் பணம் கட்டி இணங்கித் தீர்க்கலாம் என்று 2023இல் ஒரு திருத்தமும் வந்தது. விற்பனையோடு சேர்த்து அளக்காமல், காரணம் எழுதிப் பிரசுரிக்காமல் வாங்கும் பணம், கம்பனிக் கணக்கில் இன்னொரு செலவாகவே பதியப்படும்.

இலங்கையில் இப்படி ஒரு முறையைக் கொண்டுவர முடியுமா என்றால், முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதே இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதிகாரசபை ஒன்று தானே விசாரித்து ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் கொடுக்கிறது. தொகையைத் தீர்மானிக்கும்போது கவனிக்க வேண்டிய விடயங்களும் அதிலே இருக்கின்றன. அதிருப்தி என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம். ஒருவருடைய கைபேசி இலக்கத்தைக் காக்க இந்நாட்டுப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட முறையை அவருடைய இரத்தத்தில் ஏறும் ஊசி மருந்துக்கு ஏற்க மறுப்பதற்கு நியாயம் சொல்வது கடினம்.

ஆனால் அப்படியே எடுத்து ஒட்டிவிட முடியாது. மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, யாருடைய விற்பனை? தயாரிப்பாளர் அகமதாபாத்தில், முகவர் கொழும்பில். முகவர் சிறிய கம்பனியாக இருந்தால் 5 வீதம் என்பது சில்லறைக் காசு. பெரிய தொகை விதித்தால் கம்பனியை மூடிவிட்டு வேறு பெயரில் திறப்பார். அதனால் அந்தத் தயாரிப்பாளரின் மருந்துகள் இலங்கையில் விற்ற மொத்தத் தொகையை அளவாக வைக்க வேண்டும். அரச கேள்விப்பத்திரங்களில் கேட்பதுபோல வங்கிப் பிணையைப் பதிவின்போதே வாங்க வேண்டும்.

இரண்டு, பதிவே இல்லாத மருந்து. 2015ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, உயிர் காக்கவோ தொற்றுநோயை அடக்கவோ தேசிய அவசரத்திலோ, பதிவு இல்லாத மருந்தை அனுமதிக்க இடம் தருகிறது. நல்ல நோக்கத்துக்குத் திறந்த அந்த வாசலால் நெருக்கடிக் காலத்தில் கூட்டமாக உள்ளே வந்தார்கள். குஜராத்தின் சவோரைற், சென்னையின் கௌசிக் தெரபியூட்டிக்ஸ் என்ற இரு கம்பனிகளிடம் வாங்கும் முடிவை எதிர்த்து ட்ரான்ஸ்பேரன்சி இன்ரர்நாஷனல் ஸ்ரீலங்கா 2023இல் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை பெற்றது. பதிவு பெற்றவருக்கு மட்டும் தண்டம் என்று எழுதினால், பதிவில்லாமல் வருவது இலாபமாகிவிடும். விலக்குப் பெற்று வருகிறவர் கூடுதல் கடமைக்குக் கட்டுப்பட்டவர் என்று எழுத வேண்டும்.

மூன்று, கோப்பு. 2021 ஜூலையில் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுத்தளத்திலிருந்து பெருந்தொகைக் கோப்புகள் அழிந்தன. கம்பனி எந்த ஆண்டு என்ன எழுதிக் கொடுத்தது என்பதைக் காட்ட முடியாத சபை, கோப்பைப் பார்க்கும் உரிமையோடு வரும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முன்னால் நிற்க முடியாது.

அரசே மருந்து கொண்டுவரும்போது என்ன செய்வது என்று ஒரு கேள்வி எழும். அரச கூட்டுத்தாபனத்துக்குத் தண்டம் விதித்தால் பணம் திறைசேரியின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகும். அங்கே விசாரணை அறிக்கையைப் பகிரங்கமாக்குவதும், தவறிய அதிகாரியைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குவதும்தான் வேலை செய்யும். தண்டப்பணம் வேறு, நட்டஈடு வேறு என்பதையும் மறக்கக்கூடாது. கண் போனவருக்குத் தண்டத்திலிருந்து ஒரு சதமும் கிடைக்காது. அவருக்குத் தனி வழி வேண்டும்.

சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தின் வேலை; வர்த்தமானி கொழும்பில் அச்சாகும். ஆனால் விசாரணைக்கான முதல் சாட்சி இங்கே, நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் பொத்துவிலிலும்தான் இருக்கிறது. பாமசியில் மாத்திரையைக் கத்தரித்து எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கும்போது, உறையில் காலை, மாலை என்று எழுதுகிறார்கள். தொகுதி இலக்கத்தை யாரும் எழுதுவதில்லை. அந்த இலக்கம் இல்லாவிட்டால், மருந்து குடித்துத் தடிப்பு வந்தவர் எந்தக் கம்பனியின் எந்தத் தயாரிப்பைச் சொல்கிறார் என்று எந்த விசாரணையாளராலும் நிறுவ முடியாது. பற்றுச்சீட்டில் தொகுதி இலக்கத்தையும் தயாரிப்பாளர் பெயரையும் அச்சிட கணினி வைத்திருக்கும் பாமசிகளால் இப்போதே முடியும். கணினி இல்லாத கடைகள் உறையின் பின்பக்கத்தில் பேனையால் எழுதலாம். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் பாமசி உரிமையாளர்களும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து இதைத் தீர்மானிக்கலாம்; அதற்குப் புதிய சட்டம் எதுவும் வரவேண்டியதில்லை.